தபால் வாக்கு: சின்ன உறையும் பெரிய உறையும்

தபால் வாக்கில் இரண்டு உறைகள். சின்னதன் மேல் ‘ஏ’ என்றும் பெரியதன் மேல் ‘பி’ என்றும் இருக்கும். வாக்குச்சீட்டு சின்ன உறைக்குள் போகும். ஒட்டிய சின்ன உறையும், வாக்காளர் கையெழுத்திட்ட 13ஏ என்ற அறிவிப்புப் படிவமும் சேர்ந்து பெரிய உறைக்குள் போகும். எண்ணும் மேசையில் முதலில் பெரிய உறையைப் பிரிப்பார்கள். 13ஏ-வைப் பார்த்து, வாக்களித்தவர் இன்னார் என்று உறுதி செய்வார்கள். யாருக்குப் போட்டார் என்பது அப்போது தெரியாது. சரியாக இருக்கும் 13ஏ படிவங்களையெல்லாம் தனிக் கட்டாகக் கட்டி முத்திரை வைத்த பிறகுதான் சின்ன உறைகளில் கத்தி படும். அந்த நேரத்தில் யாருக்குப் போட்டது என்று தெரியும், போட்டவர் யார் என்று தெரியாது.

இந்த இரண்டு உறை ஏற்பாட்டுக்குள்தான் தபால் வாக்கின் மொத்த நியாயமும் இருக்கிறது. வாக்கு என்பது ஒருவர் தன் புத்தியைக் கொண்டு யோசித்து, வேறு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியில்லாமல் எடுக்கும் முடிவு. மனிதரின் சுயமரியாதையை முதலில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு வாக்கின் மதிப்பே அங்கேதான். வாக்குச்சாவடியில் ஒரு அட்டைத் தடுப்பு அந்தத் தனிமையைத் தானாகக் கொடுத்துவிடும். வீட்டுக் கட்டிலிலும், பயிற்சி வகுப்பு மேசையிலும், ராணுவ முகாமிலும் அதைப் பக்கத்தில் இருக்கிற மனிதர்கள்தான் உண்டாக்கித் தர வேண்டும். தபால் வாக்கில் நடக்கும் தவறுகளைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டே வகைதான்: உறைகளைக் குழப்பிக்கொள்வது, அல்லது பக்கத்தில் இருப்பவர் தன் எல்லையைத் தாண்டுவது.

13ஏ-வைப் பற்றி ஒரு சின்ன விஷயம். சட்டமன்ற உறுப்பினராகப் பதவியேற்பவர் கடவுள் பெயரால் உறுதி எடுக்கலாம், உளமார உறுதி கூறுகிறேன் என்றும் சொல்லலாம். வாக்காளருக்கு அந்தக் கேள்வியே வருவதில்லை. ‘இந்த எண்ணுள்ள தபால் வாக்குச்சீட்டு வழங்கப்பட்ட வாக்காளர் நான்தான்’ என்ற ஒரே வாக்கியம், கீழே கையெழுத்து, அதற்கு ஒரு அதிகாரியின் சான்றொப்பம். நம்பிக்கை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே படிவம்.

யாருக்கெல்லாம் உண்டு

இந்தியாவில் கேட்டவர்களுக்கெல்லாம் தபால் வாக்கு கிடையாது. 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள் யார் யாருக்கு என்று பட்டியலிட்டிருக்கின்றன. முப்படையினர், துணை ராணுவத்தினர், வெளிநாட்டில் இந்தியத் தூதரகங்களில் பணிபுரிவோர் ஆகியோரைச் சேவை வாக்காளர் என்பார்கள். குடியரசுத் தலைவர், ஆளுநர் போன்ற பதவிகளில் இருப்போர் சிறப்பு வாக்காளர்கள். தேர்தல் பணியில் இருப்போர், தடுப்புக் காவலில் (குற்றம் செய்துவிடக் கூடும் என்று முன்கூட்டியே பிடித்து வைக்கும் காவல்) இருப்போர் ஆகியோருக்கும் உண்டு. 2019-இல் விதியைத் திருத்தி முதியோர், மாற்றுத்திறனாளிகள், அத்தியாவசியப் பணியாளர்கள் ஆகியோரைச் சேர்த்தார்கள். முதியோருக்கு முதலில் 80 வயது என்று இருந்தது. 2024 மார்ச்சில் அதை 85 ஆக்கினார்கள். மாற்றுத்திறனாளி என்றால் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதற்கான சான்றிதழ் வேண்டும்.

இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று புரியும். அரசு முதலில் தன் ஆட்களை நினைத்திருக்கிறது. சாமானியக் குடிமக்களின் முறை வர 58 வருடம் ஆகியிருக்கிறது.

தேர்தல் பணியில் இருப்பவர்கள்

தமிழ்நாட்டில் தபால் வாக்கு என்றதும் பலருக்கு நினைவு வருவது ஆசிரியர்கள்தான். பணி ஆணை கைக்கு வந்ததும் முதலில் முடிவு செய்ய வேண்டியது, தபால் வாக்கா அல்லது தேர்தல் பணிச் சான்றா என்பது. இ.டி.சி. என்று எல்லோரும் சொல்வது இந்தச் சான்றைத்தான்.

வாக்கு உள்ள தொகுதியிலேயே பணியும் விழுந்தால் படிவம் 12ஏ கொடுத்து இ.டி.சி. வாங்கலாம். பணி செய்கிற அதே வாக்குச்சாவடியில், அதே இயந்திரத்தில், வரிசையில் நிற்கும் மற்றவர்களைப் போல வாக்களித்துவிடலாம். சான்றை அங்கே ஒப்படைத்துவிட வேண்டும். மக்களவைத் தேர்தலில் தொகுதி பெரிது என்பதால் இது பலருக்குச் சரிப்படும். சட்டமன்றத் தேர்தலில் பணியைப் பெரும்பாலும் வேறு தொகுதியில்தான் போடுவார்கள். அப்போது படிவம் 12 கொடுத்துத் தபால் வாக்குத்தான் வாங்க வேண்டும். இரண்டும் கிடைக்கும் என்றால் இ.டி.சி.யைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. உறை இல்லை, சான்றொப்பம் இல்லை, நிராகரிக்க ஒன்றுமே இல்லை.

விதிப்படி படிவம் 12 வாக்குப்பதிவுக்கு 7 நாள் முன்னாலும், 12ஏ 4 நாள் முன்னாலும் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். நடைமுறையில் முதல் பயிற்சி வகுப்பிலேயே வாங்கிவிடுவார்கள். அன்றைக்குக் கொண்டுபோக வேண்டியவை பணி ஆணையின் நகல், வாக்காளர் அடையாள அட்டையின் நகல், இப்போதைய வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண், வரிசை எண். கடைசி இரண்டில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். போன தேர்தலின் பூத் சிலிப்பைப் பார்த்து எழுதிவிடுவார்கள். இடையில் பட்டியல் திருத்தப்பட்டிருக்கும், வாக்குச்சாவடிகள் பிரிக்கப்பட்டிருக்கும், பாகம் எண் மாறியிருக்கும். விண்ணப்பம் ‘பெயர் இல்லை’ என்று ஓரமாகப் போய்விடும். வகுப்புக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அட்டை எண்ணைப் போட்டுப் பார்த்து எழுதிக்கொண்டால் போதும்.

முன்பெல்லாம் வாக்குச்சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், எண்ணிக்கை நாள் காலைவரை வைத்திருந்து அனுப்பலாம். அத்தனை நாள் அது கையில் இருப்பது யாருக்கு நல்லது? சங்கத்து ஆள் வந்து ‘கொடுங்க, நாங்களே சேர்த்துடறோம்’ என்பார். வேட்பாளரின் ஆள் விலை பேச வருவார். 2023-இல் விதியைத் திருத்தியதிலிருந்து, தேர்தல் பணியில் இருப்பவர், தபால் வாக்குப் போடுவதற்கென்றே அமைக்கும் வசதி மையத்திலேயே வாக்குச்சீட்டை வாங்கி, அங்கேயே குறியிட்டு, அங்கேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். சிலர் இதைக் கெடுபிடி என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எங்கள் பார்வையில், சக ஊழியரிடம் ‘முடியாது’ என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூசுகிறவர்களுக்கு இந்த விதி ஒரு பாதுகாப்பு.

வசதி மையத்தில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடலாம். கொடுக்கப்படும் கட்டுக்குள் வாக்குச்சீட்டு, 13ஏ அறிவிப்பு, 13பி என்ற சின்ன உறை, 13சி என்ற பெரிய உறை, 13டி என்ற அறிவுரைத் தாள் ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். வாக்குச்சீட்டின் வரிசை எண்ணும், 13ஏ-விலும் சின்ன உறையின் மேலும் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். 13ஏ-வில் அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்திடுங்கள். அவர் சான்றொப்பம் இட்டு, பெயர், பதவி, முத்திரை எல்லாம் வைத்தாரா என்று கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள். பிறகு தடுப்புக்குள் போய் ஒரே ஒரு பெயருக்கு எதிரே ஒரு டிக் அல்லது பெருக்கல் குறி. நோட்டாவும் சீட்டில் உண்டு. மடித்துச் சின்ன உறையில் வைத்து ஒட்டுங்கள். சின்ன உறையையும் 13ஏ-வையும் பெரிய உறையில் வைத்து ஒட்டுங்கள். பெட்டியில் போடுங்கள்.

சீட்டு கிழிந்துவிட்டாலோ தவறான இடத்தில் குறி விழுந்துவிட்டாலோ அடித்துத் திருத்த வேண்டாம். மொத்தக் கட்டையும் திருப்பிக் கொடுத்துக் காரணத்தைச் சொன்னால் புதியது தர விதியில் இடம் இருக்கிறது. கேட்கக் கூச்சப்பட்டுக் கிறுக்கி வைத்தால் போவது உங்கள் வாக்குத்தான்.

எங்கே உடைகிறது

13ஏ-வைச் சின்ன உறைக்குள் வைத்து ஒட்டிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பெரிய உறையைப் பிரித்ததும் அறிவிப்பு இல்லை என்றால், சின்ன உறையைப் பிரிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று சொல்ல வாக்காளர் அங்கே இருக்கப் போவதில்லை. 13ஏ-வில் உள்ள எண்ணும் சின்ன உறை மேல் உள்ள எண்ணும் வேறுவேறாக இருந்தாலும் இதே கதிதான். கையெழுத்தோ சான்றொப்பமோ விட்டுப்போனாலும் அப்படித்தான்.

சின்ன உறையைப் பிரித்த பிறகு சீட்டையே தள்ளும் காரணங்கள் வேறு. ஒன்றுமே குறிக்காதது, இரண்டு பேருக்குக் குறித்தது, போலிச் சீட்டு, அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைந்தது, தரப்பட்ட உறையில் வைக்காமல் வேறு உறையில் வைத்தது. இவற்றோடு, போட்டவர் யார் என்று காட்டும் எந்தக் குறியும் சீட்டில் இருக்கக் கூடாது. படித்தவர்களே இதில் தவறுகிறார்கள். அரசுத் தாள் என்றால் கீழே கையெழுத்துப் போட்டே பழகிய கை, வாக்குச்சீட்டிலும் போட்டுவிடுகிறது. அந்த ஒரு கையெழுத்து ரகசியத்தை உடைத்துவிடும் என்பதால் சீட்டு செல்லாது. கைநாட்டு வைப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்: மை விரல் 13ஏ-வுக்கு மட்டும். அதை நன்றாகத் துடைத்துவிட்டுப் பிறகு சீட்டைத் தொட வேண்டும்.

இன்னொரு பக்கம், விதி கொஞ்சம் இரக்கமாகவும் இருக்கிறது. குறி மங்கலாக இருப்பதாலோ, ஒரே பெயருக்கு இரண்டு தடவை போட்டிருப்பதாலோ மட்டும் தள்ளக் கூடாது. யாருக்கு என்று நோக்கம் தெளிவாகத் தெரிந்தால் எண்ண வேண்டும். வேட்பாளரின் முகவராக எண்ணும் மேசையில் உட்காருகிறவர்கள் இந்த வாக்கியத்தை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

சான்றொப்பத்தின் கனம் தெரிய வேண்டுமென்றால் திருநெல்வேலி மாவட்டத்தின் ராதாபுரம் தொகுதியைப் பார்த்தால் போதும். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் வெறும் 49 வாக்கு. சான்றொப்பம் இட்டவர்கள் பள்ளித் தலைமையாசிரியர்கள், அவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று சொல்லி 203 தபால் வாக்குகளைத் தள்ளியிருந்தார்கள். வழக்கு மூன்று வருடம் நடந்தது. தலைமையாசிரியர்கள் சான்றொப்பம் இடலாம் என்று 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, அந்த 203 வாக்குகளையும் இயந்திர எண்ணிக்கையின் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணவும் செய்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-இல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துபோனது. குஜராத்தின் தோல்கா தொகுதியில் 2017-இல் இதே மாதிரி: வித்தியாசம் 327, தள்ளப்பட்ட தபால் வாக்குகள் 429. ராதாபுரத்தின் அந்த 203 பேரும் தங்கள் பங்கைச் சரியாகவே செய்திருந்தார்கள் என்பதைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டும். எழுத்தறிவித்து, வாக்குச்சாவடியையும் நடத்தியவர்களின் வாக்கு, யாரோ ஒருவரின் ரப்பர் முத்திரை பற்றிய சந்தேகத்தில் விழுந்துவிட்டது.

விதிப்படி, தேர்தல் பணியில் இருப்பவரின் 13ஏ-வில் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் சான்றொப்பம் இடலாம். அவர் பணிபுரியும் வாக்குச்சாவடியின் தலைமை அலுவலரும் இடலாம். வசதி மையத்தில் இதற்கென்றே ஒருவரை உட்கார வைத்திருப்பார்கள். அவரிடமே வாங்குங்கள்.

வீட்டுக்கு வரும் வாக்குப்பதிவு

85 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருவதைத் தபால் வாக்கு என்று பெயரளவில்தான் சொல்கிறோம். தபால்காரர் இதில் எங்கும் வருவதில்லை. வாக்குப்பதிவுக் குழுவே வீட்டுக்கு வருகிறது. 2024 மக்களவைத் தேர்தலில்தான் முதன்முறையாக நாடு முழுவதும் இது நடந்தது.

தொடக்கம் படிவம் 12டி. தேர்தல் அறிவித்ததும் வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., பட்டியலைப் பார்த்து வீடு தேடி வந்து படிவத்தைக் கொடுத்து ஒப்புகை வாங்குவார். தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் பூர்த்தி செய்த படிவம் அவரிடம் திரும்பிப் போய்விட வேண்டும். ‘அறிவிப்பு’ வேறு, ‘அறிவிக்கை’ வேறு. டிவியில் தேதிகளைச் சொல்வது அறிவிப்பு. அதற்குச் சில நாட்களோ வாரங்களோ கழித்து அரசிதழில் வந்து, வேட்புமனு வாங்கத் தொடங்கும் நாளில் வெளியாவது அறிவிக்கை. 5 நாளை இரண்டாவதிலிருந்துதான் எண்ண வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘கெடு முடிஞ்சுபோச்சு’ என்று சும்மா இருந்துவிடும் வீடுகள் இருக்கின்றன. பி.எல்.ஓ. வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். அவர் எண்ணைக் கேட்டு வாங்கிக் கூப்பிடுங்கள். மாற்றுத்திறனாளி என்றால் சான்றிதழின் நகலையும் இணைக்க வேண்டும்.

படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவரிடம் ஒரு விஷயத்தைப் பொறுமையாகச் சொல்லிவிட வேண்டும். 12டி ஏற்கப்பட்டால் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே தபால் வாக்கு என்று குறித்துவிடுவார்கள். அதன்பின் வாக்குச்சாவடிக்குப் போனால் விடமாட்டார்கள். 88 வயதிலும் சட்டை மாட்டிக்கொண்டு, தடியை ஊன்றிப் போய், நாலு பேரைப் பார்த்துப் பேசி, விரலில் மையோடு திரும்புவதை விரும்பும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் வெளியுலகம். பிள்ளைகளுக்கு வசதி என்பதற்காக அவர்களைக் கேட்காமல் 12டி எழுதிக் கொடுப்பது, அக்கறை என்ற பெயரில் செய்யும் அத்துமீறல். சாவடியில் சக்கர நாற்காலி உண்டு, சாய்தளம் உண்டு, வரிசையில் நிற்காமல் முன்னால் விடுவார்கள். எது வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.

‘அவங்களுக்கு ஒண்ணும் நினைவில்லை, எதுக்கு ஓட்டு?’ என்று சொல்லும் உரிமை வீட்டில் யாருக்கும் கிடையாது, வந்திருக்கும் அலுவலருக்கும் கிடையாது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி, மனநலம் குன்றியவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் ஒன்று அறிவித்திருந்தால்தான் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க முடியும். அப்படி ஒரு தீர்ப்பு இல்லாதவரை அவர் வாக்காளர். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்தவர், எந்தக் கட்சி தன் வாழ்க்கையை மாற்றியது என்பதை மறந்திருக்க வேண்டியதில்லை.

குழு வரும் நாளைக் குறுஞ்செய்தியிலோ பி.எல்.ஓ. மூலமாகவோ முன்கூட்டியே சொல்வார்கள். முதல் தடவை வரும்போது ஆள் இல்லையென்றால் இன்னொரு தடவை வருவார்கள். அப்போதும் இல்லையென்றால் முடிந்தது. டயாலிசிஸ், பிசியோதெரபி என்று நிலையான நாட்கள் இருந்தால் 12டி கொடுக்கும்போதே பி.எல்.ஓ.விடம் சொல்லி வைப்பது நல்லது. மாத்திரை போட்டால் தூங்கிவிடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

வருபவர்கள் இரண்டு வாக்குப்பதிவு அலுவலர்கள், ஒரு வீடியோகிராபர், ஒரு போலீஸ்காரர். வேட்பாளர்களுக்கு முன்பே அட்டவணை தருவதால் அவர்களின் ஆட்களும் கூட வரலாம். சின்ன வீடாக இருந்தால் எட்டுப் பத்துப் பேர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். படுத்திருக்கிற ஒருவருக்கு அந்தக் கூட்டமே ஒரு மிரட்டல்தான். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் பயப்படும் தலைமுறை அது. போலீஸ்காரர் வாசலில் நிற்கட்டும் என்று வீட்டார் கேட்பதில் தவறில்லை. நல்ல குழுக்கள் கேட்காமலே அப்படிச் செய்கின்றன. முதலில் ஒருவர் மட்டும் உள்ளே வந்து, உட்கார்ந்து, பெயரைச் சொல்லிப் பேசிவிட்டுத்தான் பையைத் திறக்கிறார்கள்.

நடைமுறையை வீடியோ எடுக்கலாம். குறியிடுவதை எடுக்கக் கூடாது. இது கறாரான எல்லை. அட்டைத் தடுப்பு கொண்டு வருவார்கள். படுக்கையில் இருப்பவர் என்றால் அதைத் தலையணை மேல் நிறுத்த முடியாது, சரிந்து விழும். சாப்பாட்டுத் தட்டு வைக்கும் படுக்கை மேசையோ, ஒரு பலகையோ இருந்தால் முன்பே எடுத்து வையுங்கள். மூக்குக்கண்ணாடி, காது மெஷின், அடையாள அட்டை மூன்றும் தலைமாட்டில் இருக்கட்டும். டிவியை அணைத்துவிடுங்கள், தேர்தல் நேரத்தில் அதில் யார் முகம் ஓடிக்கொண்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுவரில் கட்சிக் காலண்டர் இருந்தால் கழற்றி வைப்பதும் நல்லது.

கை நடுங்குகிறவர்கள் பெரிய டிக் போட்டால் அதன் வால் பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விடும். யாருக்கு என்று சந்தேகம் வந்தால் சீட்டு செல்லாது. வெறும் தாளில் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, கட்டத்தின் நடுவில் சின்னதாக ஒரு குறி போடச் சொல்லுங்கள். போட்டபின் மை காயட்டும். ஈர மையோடு மடித்தால் எதிர்ப்பக்கம் இன்னொரு குறி பதியும்.

அவரால் எழுத முடியாது என்றால், அவர் கைகாட்டும் வயது வந்த ஒருவர் உதவலாம். ‘அவர் கைகாட்டும்’ என்பதுதான் முக்கியம். மூத்த மகன் என்பதால் தானாக முன்வந்து பேனாவை எடுத்துவிட முடியாது. மருமகளையோ பக்கத்து வீட்டுப் பெண்ணையோ அவர் காட்டினால் அவர்கள்தான். உதவுகிறவர் வேட்பாளர் பெயர்களை எல்லாவற்றையும், மேலிருந்து கீழாக, ஒரே குரலில் படிக்க வேண்டும். ‘நம்ம ஆளு மூணாவது’ என்று தொடங்கினால் அங்கேயே உதவி முடிந்து தலையீடு ஆகிவிடுகிறது. அவர் சொல்கிற பெயர் உங்களுக்குப் பிடிக்காததாக இருக்கலாம். ‘நிஜமாவா?’ என்றுகூடக் கேட்கக் கூடாது. குறியிட்டு, மடித்து, உறையில் வைத்து, பிறகு சாகும்வரை யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் அந்த வேலை.

மடித்த சீட்டு சின்ன உறைக்குள், சின்ன உறையும் 13ஏ-வும் பெரிய உறைக்குள். வாக்காளர் கண் முன்னாலேயே ஒட்ட வேண்டும். ‘ஆபீஸ்ல போய் ஒட்டிக்கிறோம்’ என்று எந்த அலுவலர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒட்டிய உறையை வாக்காளர் கையாலேயே குழுவிடம் கொடுக்க வையுங்கள்.

பார்வையில்லாதவருக்கு வீடா, சாவடியா

வீட்டு வாக்கு எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். பார்வையற்றவர் விஷயத்தில் நின்று யோசிக்க வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஒவ்வொரு பொத்தானுக்கும் பக்கத்தில் பிரெயிலில் எண் இருக்கிறது. பெயர்களும் எண்களும் கொண்ட பிரெயில் மாதிரித் தாளைச் சாவடியில் கேட்டு வாங்கலாம். பிரெயில் படிக்கத் தெரிந்தவர் எண்ணைத் தடவிப் பார்த்துத் தானே பொத்தானை அழுத்தலாம். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியப் போவதில்லை. வீட்டுக்கு வரும் காகிதச் சீட்டிலோ அவர் இன்னொருவரின் கண்ணையும் கையையும் நம்பித்தான் ஆக வேண்டும். நடக்க முடிகிறவர், பிரெயில் தெரிந்தவர் என்றால் சாவடிக்குப் போவதுதான் அவருக்கு முழு ரகசியத்தைத் தரும். வசதிக்கும் தனிமைக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வருவதே ஒரு குறைதான். ஆனால் இப்போதைக்கு அப்படித்தான் இருக்கிறது, 12டி கொடுப்பதற்கு முன் அவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

படையில் இருப்பவர்கள்

சேவை வாக்காளருக்கு இப்போது சீட்டு மின்னணு வழியாகப் போகிறது. திரும்புவது மட்டும் தபாலில். 2016-இல் புதுச்சேரியின் நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில்தான் இதை முதலில் பயன்படுத்தினார்கள். கடவுச்சொல்லைப் போட்டுப் பதிவிறக்கி, அச்செடுத்து, குறியிட்டு, உறைகளில் வைத்து விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். அஞ்சல் கட்டணம் கிடையாது. உறையிலும் 13ஏ-விலும் உள்ள கியூஆர் குறியீட்டை எண்ணும் இடத்தில் ஸ்கேன் செய்வார்கள் என்பதால், மங்கலான அச்சு வேண்டாம், மடிப்பு அதன் மேல் விழ வேண்டாம், பசை படவும் வேண்டாம். எண்ணிக்கை தொடங்கும் மணிக்குள் போய்ச் சேராத உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். எல்லையோர முகாமிலிருந்து வர நாளாகும். சீட்டு வந்த அன்றே போட்டு அனுப்புவதுதான் ஒரே வழி.

இதில் ஒரு அநீதி ரொம்ப நாள் இருந்தது. படைவீரரின் மனைவி அவரோடு வசித்தால் அவரும் சேவை வாக்காளர் ஆகலாம். படையில் இருக்கும் பெண்ணின் கணவருக்கு அந்த உரிமை கிடையாது. சட்டத்தில் ‘மனைவி’ என்று எழுதியிருந்ததுதான் காரணம். 2021 திருத்தத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, கணவனையும் மனைவியையும் சேர்த்துக் குறிக்கும் பொதுச் சொல்லை வைத்தார்கள். ஒரு சொல்லை மாற்ற அத்தனை வருடம்.

எண்ணும் மேசையில்

காலை 8 மணிக்குத் தபால் வாக்கு, அரை மணி நேரம் கழித்து இயந்திரம். தபால் வாக்கு எண்ணி முடித்தபின்தான் இயந்திர எண்ணிக்கையின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் ஆணையம் உத்தரவிட்டது. முகவர்கள் பாதிப் பேர் இயந்திர மேசைகளுக்கு ஓடிவிடுவார்கள்; தபால் மேசையில் அனுபவம் இல்லாத பையனை உட்கார வைப்பார்கள். இது தப்புக் கணக்கு. இயந்திரம் தரும் எண்ணில் வாதாட ஒன்றுமில்லை. வாதாடிக் காப்பாற்றக்கூடிய வாக்கு இருப்பது தபால் மேசையில்தான். தள்ளப்பட்ட ஒவ்வொரு உறைக்கும் காரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெற்றி வித்தியாசத்தைவிடத் தள்ளப்பட்ட தபால் வாக்குகள் அதிகமாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் அவை அத்தனையையும் தேர்தல் நடத்தும் அலுவலர் மறுபடி பார்க்க வேண்டும் என்பது ஆணையத்தின் அறிவுறுத்தல். கேட்டு வாங்க வேண்டியது அது.

பட்டியலில் இல்லாதவர்கள்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியருக்கு 2011-லிருந்து பட்டியலில் பெயர் சேர்க்க வழி இருக்கிறது. வாக்களிக்க மட்டும் ஊருக்கு நேரில் வர வேண்டும். திருப்பூரில் வேலை செய்யும் ஒடிசாக்காரருக்கும், சூரத்தில் வேலை செய்யும் தமிழருக்கும் தபால் வாக்கு இல்லை. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்கச் சட்டம் சொல்கிறது. போகவர ரயிலில் நாலு நாள் ஆகிறவருக்கு ஒரு நாள் விடுமுறை எதற்கு? தொலைவிலிருந்து வாக்களிக்கும் இயந்திரம் ஒன்றின் மாதிரியை ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. அதற்குப் பிறகு நடந்த 2024 மக்களவைத் தேர்தலிலும் அவர்கள் ரயிலேறித்தான் ஆக வேண்டியிருந்தது.

சிறையில் இருப்பவர்களின் கதை இன்னும் விசித்திரமானது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவுப்படி, சிறையிலோ போலீஸ் காவலிலோ இருப்பவர் வாக்களிக்க முடியாது. குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிக்கும் இதே தடைதான். தடுப்புக் காவலில் இருப்பவருக்குத் தபால் வாக்கு உண்டு. ஒரே சிறையில், அடுத்தடுத்த அறையில் இருக்கும் இரண்டு பேர். இருவர் மேலும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஒருவருக்குச் சீட்டு வரும், மற்றவருக்கு வராது. ஜாமீன் கட்டப் பணம் இல்லாததால் மட்டும் உள்ளே இருக்கிறவர் வாக்கையும் சேர்த்து இழக்கிறார்.

வீட்டு வாக்கிலும் ஒருவர் விடுபடுகிறார். படுத்த படுக்கையாக இருக்கும் 90 வயது அம்மாவுக்குக் குழு வீடு தேடி வருகிறது. அந்த அம்மாவை ஒரு மணி நேரம்கூடத் தனியே விட முடியாத மகளுக்கு 12டி-யில் இடமில்லை. அம்மாவின் உறையை ஒட்டிக் கொடுத்துவிட்டு, தன் வாக்குக்கு அவர் சாவடிக்குத்தான் போக வேண்டும். வாக்குப்பதிவு நாளில் காலை 7 மணிக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிடும். மதியம் இரண்டிலிருந்து மூன்றுவரை பெரும்பாலான சாவடிகளில் வரிசை குறையும். அந்த ஒரு மணி நேரம் கட்டிலுக்குப் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை, குழு வந்து போகும் அன்றைக்கே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.